சீல் உடைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும்

ஜூன் 29, ஞாயிறு

கோபம் வந்தால் எழுதிப் பாருங்கள், பி.பி. இறங்கும் என்று டாக்டர் பொங்கல் சமயத்திலேயே சொன்னார். இன்றைக்குத்தான் எழுதுகிற அளவுக்குக் கோபம் வந்திருக்கிறது.

நேற்று உறையூரில் ஒரு ரிசப்ஷன். எங்கள் சுருதிமலர் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. குழு ஆரம்பித்த நாளிலிருந்து கிட்டார் நான்தான். பகலில் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. அது வயிற்றுக்கு, கிட்டார் எனக்கு. மேடையில் டிரம்ஸ் வாசிக்கும் கென்னடி என் இடப்பக்கம் இருப்பான். அவனுடைய பெரிய சிம்பலுக்கு ஒரு முழம் தள்ளி என் நாற்காலி. அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தாளம் உடம்பில் இறங்க வேண்டுமானால் அங்கேதான் உட்கார வேண்டும்.

கச்சேரி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது குழுத் தலைவர் ரங்கமணி என் பக்கத்து இலைக்கு வந்தார். பாயசம் வரும்வரை இலையையே பார்த்துச் சாப்பிட்டார். பிறகு என் வலது காதுப் பக்கமாகக் குனிந்து, "செலஸ்டின், கிட்டார் சவுண்டு சரியில்லப்பா" என்றார்.

இதை நானே அவரிடம் சொல்ல இருந்தேன். ஒரு வருடமாக என் கிட்டாரில் பளபளப்பே இல்லை. கம்பி மாற்றினேன், வயர் மாற்றினேன், உள்ளே சாலிடர் எல்லாம் புதிதாக வைத்தேன். கம்பளிக்குள் வைத்து வாசிப்பதுபோல மந்தமாகவே இருக்கிறது. அதனால்தான் ஆம்ப்ளிஃபயரில் மேல்ஸ்தாயியைக் கூர்மையாக்கும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறேன்.

"ஆமாண்ணே, ரொம்ப டல்லா இருக்கு" என்றேன்.

"டல்லாவா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன எழவோ. ஆடி பூரா நமக்குக் கல்யாணம் கிடையாது. ஆவணில வர்ற மொத ரிசப்ஷனுக்குள்ள சரி பண்ணிரு. இல்லன்னா கிட்டார் பிட்டையும் சுகந்தியே வாசிச்சிரட்டும்."

சுகந்தி எங்கள் கீபோர்டு. சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவளுடைய பெட்டிக்குள் உலகத்து வாத்தியமெல்லாம் அடைபட்டிருக்கிறது. அதில் ஒரு பொத்தானுக்குக் கிட்டார் என்று பெயர். இத்தனை வருடம் வாசித்து நான் ஒரு பொத்தானுக்குச் சமமாகியிருக்கிறேன். பி.பி. இறங்கியதாகத் தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். பெடல் வாங்கப் போகிறேன்.

பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே காலடியில் கிடக்கும் சின்ன இரும்புப் பெட்டி. மிதித்தால் சத்தத்தின் நிறம் மாறும். எதிரொலி வரும், கரகரப்பு வரும், மின்னும். இந்தக் காலத்துப் பையன்கள் ஏழெட்டு வைத்திருக்கிறார்கள். செருப்புக் கடை போட்டிருக்கிறான் பார் என்று கென்னடியிடம் கேலி பேசியிருக்கிறேன். இப்போது எனக்கே ஒரு ஜோடி தேவைப்படுகிறது.

மனைவி ரெஜினாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஏதோ பதில் சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. நான் தலையை ஆட்டி வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

குக்கர் கெட்டுவிட்டது. ரெஜினா மாலைப் பூசைக்குப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடச் சொன்னாள். நான் ஹாலில் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு முதல் விசிலுக்காகவே காத்திருந்தேன். கடைசியில் தீய்ந்த வாசனைதான் வந்தது. பக்கத்து வீட்டு ஜோதியம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னும் எத்தன விசில் சார் விடுவீங்க?" என்று கேட்கிறார். அவருக்கு எப்போதும் கொஞ்சம் கிண்டல் அதிகம். நாளைக்கு வெயிட்டை மாற்ற வேண்டும்.

ஜூலை 5, சனி

பெரிய கடை வீதியில் நான் வழக்கமாகக் கம்பி வாங்கும் கடைக்குப் போனேன். ஆர்மோனியம், மிருதங்கம், உடுக்கை, பள்ளிக்கூட பேண்டு டிரம் என்று கூரை முழுக்கத் தொங்கும். கண்ணாடி அலமாரியில் சலங்கைக்கும் மவுத் ஆர்கனுக்கும் நடுவே ஒரே ஒரு பெடல் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மேலே தூசி படிந்து. கிட்டாரைக் கையோடு கொண்டு போயிருந்தேன்.

"வாசிச்சுப் பாக்கணும் பாய்" என்றேன்.

ஜமால் பாய் தங்கமான மனிதர். "தாராளமாப் பாருங்க சார். ஆனா சீல் உடைச்சா எடுத்துக்கணும்."

"வாசிச்சுப் பாக்காம எப்படி எடுக்கிறது?"

"எடுத்துக்கிட்டு வாசிச்சுப் பாருங்க."

"புடிக்கலன்னா?"

"புடிக்காமயே வச்சுக்குங்க சார். யாரு கேக்கப்போறா?"

மார்க்கெட்டில் வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்க விடுகிறார்கள். ஆயுசு முழுக்க மிதிக்கப்போகிற பொருளை மூடி திறக்காமல் வாங்க வேண்டுமாம். கம்பி ஒரு செட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆய்வகத்தில் ஆடியோ ஆசிலேட்டரும் கெட்டுப்போயிருக்கிறது. அதில் ஒரு குமிழ் உண்டு. திருகினால் யானை பிளிறுவதில் ஆரம்பித்துக் கொசு பாடுவதுவரை சத்தம் ஏறிக்கொண்டே போகும். இன்றைக்குப் பாதிக் குமிழுக்கு மேல் சத்தமே வரவில்லை. வால்யூமைக் கூட்டித் திருகித் திருகிப் பார்த்தேன். இரண்டாமாண்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, "சார், போதும் சார்!" என்று கூச்சல் போட்டார்கள். வராத சத்தத்துக்கு ஒரு வகுப்பே சேர்ந்துகொண்டு நடிக்கிறது. கல்வியின் தரத்தைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கருவியைச் சர்வீசுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 12, சனி

மதுரை போய்வந்தேன். அங்கே மின்சார வாத்தியங்களுக்கென்றே ஒரு கடை இருப்பதாகக் கென்னடி சொல்லியிருந்தான். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது பச்சைக் குழந்தையைக் கொண்டு போவது மாதிரி. எல்லோரும் இடம் கொடுக்கிறார்கள், எல்லோரும் இடிக்கிறார்கள்.

கடையில் பெடல்கள் நிறைய இருந்தன. சீல் தொல்லை கிடையாது. ஆனால் கையில் தர மாட்டார்கள். முடியைக் குடுமி போட்ட விற்பனையாளர் ஒருவர் தானே கிட்டாரை மாட்டிக்கொண்டார்.

"கஸ்டமர் வாசிச்சா டைம் ஆகும் சார். நான் டெமோ காட்டுறேன், நீங்க கேளுங்க."

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிட்டு. அதையே நாலு பெடலிலும் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து வாசித்தார். நாலும் எனக்கு ஒரே மாதிரித்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆயிரம் பேர் முன்னால் வாசித்தவன் நான், என் கிட்டாரை உறையிலிருந்துகூட எடுக்காமல் திரும்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலிங் பெல்லுக்குப் புது பேட்டரி போட்டேன். கொரியர்காரர் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

ரெஜினா என் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "குக்கர் வெயிட்டு மாத்தியாச்சு. பெல்லு பேட்டரி மாத்தியாச்சு. டிவி ஸ்பீக்கர் மாத்தியாச்சு. ஒரு தடவ டாக்டரப் பாருங்களேங்க."

பார்த்தாயிற்றே. அவர்தானே டைரி எழுதச் சொன்னார்.

ஜூலை 19, சனி

சென்னை. விடிகாலை ரயிலில் போய், ராத்திரி ரயிலில் திரும்பி, இதைப் பெட்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

ஷோரூம் என்றால் ஷோரூம். உள்ளே செருப்போடு போகக் கூச்சமாக இருந்தது. இங்கே சீல் இல்லை, குடுமி இல்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசித்துப் பார்க்கலாம். அதற்கென்று ஒரு கண்ணாடி அறை. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, பெடலாக எடுத்துக் காலடியில் வைத்தாள். கடைசியில் ஒரு நாகரிகமான இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று நினைத்தேன்.

எதுவுமே சரியில்லை. எல்லாம் மந்தம். ஒவ்வொன்றிலும் ட்ரெபிளை ஏற்றச் சொன்னேன்.

"சார், ட்ரெபிளக் கொஞ்சம் கொறைச்சா நல்லாருக்கும்னு தோணுது" என்றாள்.

"இல்லாததைக் கொறைக்கச் சொல்றீங்களேம்மா."

குமிழைக் கடைசிவரை ஏற்றிவிட்டு, எதையோ எடுத்துவர வேண்டும் என்று வெளியே போனவள் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். எனக்கும் கை சூடேறிவிட்டது. பழைய வேகத்தில் வாசித்தேன். கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. மேனேஜர் மாதிரி ஒருவர் வந்து கதவை இன்னும் இறுக்கி மூடிவிட்டுப் போனார். கவனம் கலையாமல் நான் வாசிக்க வேண்டும் என்கிற அக்கறை அது.

சத்தம் ஏன் மந்தமாக இருந்தது என்பதற்கு ரயிலில் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். பஞ்சு சத்தத்தை விழுங்கும், இது என் ஆய்வகத்தில் முதலாமாண்டிலேயே வரும் பாடம். இவ்வளவு செலவு செய்து கடை கட்டியவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

போனில் விளம்பரம் பார்த்து ஸ்ரீரங்கம் போனேன். பத்ரி என்று கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளை, மூன்றாவது மாடி ஃபிளாட். பழைய பெடல்களை விற்கிறார். சோபாவில் உட்கார வைத்து, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, "எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாசிங்க சார்" என்றார். ஊர் ஊராக அலைந்து தேடிய வாசகம் ஆற்றைத் தாண்டினால் இருந்திருக்கிறது.

நாலைந்து பெடல் பார்த்தேன். வழக்கம்போல மந்தம். பெட்டியின் அடியில் சிவப்பாக ஒன்று கிடந்தது.

"அது ட்ரெபிள் பூஸ்டர் சார். வேணாம். ரொம்ப ஷார்ப். இதுவரைக்கும் மூணு பேர் வாங்கிட்டுப் போய் மூணு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

மிதித்தேன். என் கிட்டார் மின்னியது. முழுதாக இல்லை, பழைய மின்னலின் ஓரம் மட்டும். ஆனால் அது என் கிட்டார்தான். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எழுதுவதற்கு என்ன வெட்கம்.

பத்ரியின் நாய் அந்த நிமிடம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அங்கேயிருந்து ஊளையிட்டது என்று பத்ரி சொன்னார், எனக்கு அது காதில் விழவில்லை. வாசிப்பில் அவ்வளவு ஒன்றிப்போயிருந்தேன். நாயை நம்பி இசைக்கருவி வாங்க முடியுமா? பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். பத்ரி, "கன்ஃபார்மா எடுத்துக்கிறீங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். நல்ல பொருளைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் சித்ரான்னத்தோடு நிற்க, நாங்கள் ரங்கமணி வீட்டு மொட்டை மாடி அறையில் ரிகர்சல்.

சிவப்புப் பெட்டியை எல்லோருக்கும் காட்டினேன். மிதித்து, முதல் பாட்டின் முகப்பை வாசித்தேன். கென்னடி கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. பாடகர் மைக்கை வைத்துவிட்டார். வாயடைத்துப் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ரங்கமணி காதிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். "இதுக்குத்தான் ஊர் ஊராப் போனியா?"

"எப்படிண்ணே இருக்கு?"

"ஊசி குத்துற மாதிரி இருக்குப்பா. ஏற்கெனவே கீச்சுக் கீச்சுன்னுதான் இருந்துச்சு. அதச் சரி பண்ணுன்னா, இன்னும் ஏத்திக்கிட்டு வந்திருக்க?"

கீச்சா? பந்தியில் டல் என்று நான் சொன்னபோது இவர் மறுக்கவே இல்லையே. நான் அதையும் கேட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகப் பேசினார், இரண்டாவது தடவைதான் எனக்குப் புரிந்தது.

"செலஸ்டின், ரிசப்ஷனுக்கு நீ வா. கிட்டாரோட உன் சேர்ல உக்காரு. மேடை நெறவா இருக்கணும். சவுண்டு செக்குல இதே சத்தம் வந்துச்சுன்னா வயர உருவிருவேன். நீ சும்மா கைய ஆட்டு, சுகந்தி வாசிச்சிருவா."

எங்கள் தொழிலில் இது புதிதில்லை. வயலின் கூட்டம் வேண்டும் என்று கேட்கும் பார்ட்டிக்கு, கோட்டு போட்ட நாலு பேரைக் கம்பியில்லாத வயலினோடு உட்கார வைத்திருக்கிறோம். அவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். என்னை அந்த வரிசையில் வைப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. சாப்பிடவில்லை.

படி இறங்கும்போது சுகந்தி பின்னாலேயே வந்தாள். என் முன்னால் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. காத ஒருவாட்டி காட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

"என் காதுக்கு என்ன? ஒனக்கு சுருதி சேர்த்துக் குடுத்ததே இந்தக் காதுதான்" என்றேன். கீபோர்டுக்குச் சுருதி சேர்க்க வேண்டியதில்லை என்பது தெருமுனை வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆசிலேட்டர் சர்வீசிலிருந்து வந்துவிட்டது. 'பழுது ஏதுமில்லை' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். வேலை செய்யாமல் பில் போடுகிறவர்கள் என்று திட்டிக்கொண்டே, ஆளில்லாத ஆய்வகத்தில் வைத்து நானே சோதித்தேன். பாதிக் குமிழ்வரை வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வால்யூமை முழுதாக வைத்துக்கொண்டு திருகினேன். ஒன்றுமே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு துறைத் தலைவர் மங்கையர்க்கரசி வந்தார். காதைப் பொத்தியிருந்தார்.

"என்ன செலஸ்டின் பண்றீங்க? மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க! காரிடார் கடைசி வரைக்கும் கேக்குது, மண்டையப் பொளக்குது!"

பிள்ளைகள் நடிப்பார்கள். மேடம் நடிக்க மாட்டார். ஆய்வகத்துக்குள் அவர் சிரித்துக்கூட நான் பார்த்ததில்லை.

அணைத்தேன். அவர் கையை இறக்கி, பெருமூச்சு விட்டு, போய்விட்டார். சுவிட்சை மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பி.பி. பார்க்கப் போகிறேன் என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டுத் தில்லை நகரில் ஒரு காதுச் சோதனை நிலையத்துக்குப் போனேன். ஒரு நண்பருக்காக விசாரிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அங்கே இருந்த பர்வீன் என்கிற பெண், "அப்ப உங்க காத வச்சே டெஸ்ட் எப்படின்னு பாத்துட்டுப் போங்க சார்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரி.

மறுபடியும் கண்ணாடி அறை, சுவரில் பஞ்சு. தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவள் முன்னால் இருந்த கருவியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம்முடைய ஆசிலேட்டரேதான், கொஞ்சம் நல்ல சட்டை போட்டிருக்கிறது.

முதலில் சுறுசுறுப்பாக அமுக்கினேன். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் அசைந்துகொண்டே இருந்தது. என் பொத்தான் அசையவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"மிஷின் வேலை செய்யுதாம்மா?"

"செய்யுது சார்."

நான் பொத்தானை மடியில் வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஒரு படம் காட்டினாள். இரண்டு கோடும் பாதிவரை நேராக வந்து, அப்புறம் மலைக்கோட்டைப் படி மாதிரி கீழே இறங்கியது. இடது காது ரொம்ப ஆழம். "மேடைல எந்தப் பக்கம் சார் டிரம்ஸ்?" என்று கேட்டாள். கிட்டார் வாசிப்பேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், டிரம்ஸைப் பற்றிப் பேசவே இல்லை.

பிறகு இரண்டு சின்னப் பொருள்களை எடுத்தாள். வேர்க்கடலை அளவு. காதுக்குப் பின்னால் மாட்டி, கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள். அவளுடைய வளையல் மேசையில் இடித்தது. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார். போட்டுப் பாருங்க, உங்க கிட்டார வாசிச்சுப் பாருங்க. புடிச்சா வாங்குங்க. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துருங்க."

"சீல் உடைஞ்சிருமே?"

"என்ன சீல் சார்?"

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரெஜினா மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இரண்டையும் மாட்டினேன். சிவப்பு பெடலைச் செருகி, மிதித்து, ஒரே ஒரு தடவை தட்டினேன். பல்லெல்லாம் கூசிவிட்டது. தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். இந்த மாதிரிச் சத்தத்தையா சென்னையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவ்வளவு நேரம் வாசித்தேன்? பெடல் இல்லாமலே இதில் பாதியையா மணமகளின் தாத்தா பாட்டிகளை முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு வருடம் வாசித்தேன்? வெட்கத்தில் உடம்பு சூடாகிவிட்டது. அந்த நாயை நினைத்தால் பாவமாக இருந்தது.

பெடலைக் கழற்றினேன். ட்ரெபிள் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, வெறும் கிட்டாரை மீட்டினேன். இருந்தது. பளபளப்பு எங்கேயும் போகவில்லை.

ரெஜினா வந்ததுகூடத் தெரியாமல் வாசித்திருக்கிறேன். நிறுத்தியபோது அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். போன் ஹாலில் கிடந்தது. மீனைக் கழுவிக்கொண்டே தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஊர் ஊராப் போயி டப்பா வாங்கத் தெரியுது, தில்லை நகர் போயி காதக் காட்டத் தெரியல. நாமளும் சொல்லிப் பாத்தாச்சு. சொன்னா மொகம் சுண்டிப் போயிருது மனுஷனுக்கு. இருந்துட்டுப் போகட்டும். நான் பேசுறது கேக்காட்டிப் போகுது, அந்தக் கிட்டார் சத்தம் மட்டுமாச்சும் கேட்டுட்டா நல்லாருக்கும். இன்னைக்கு என்னமோ பழைய மாதிரி வாசிக்கிறாரு, கேக்குதோ என்னவோ..."

எத்தனை நாளாக இப்படி, நான் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாளோ.

"கேக்குது ரெஜினா" என்றேன்.

மீன் சட்டி தொட்டிக்குள் விழுந்தது. அதுவும் நன்றாகக் கேட்டது.

ஆகஸ்ட் 16, சனி

ஒரு வாரம் முடிந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்ற அந்த உரிமையை அனுபவிக்க வேண்டும் என்றே தில்லை நகர்வரை போனேன். கொடுக்கவில்லை. ரெஜினாவும் கூட வந்திருந்தாள், அது ஒரு காரணம்.

அவளுக்கு இப்போது ஒரு சின்னக் கஷ்டம். அடுப்படியில் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஹாலை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று ரிசப்ஷன். காஜாமலைப் பக்கம் பெரிய மண்டபம்.

சீக்கிரமே போய் என் நாற்காலியைத் தூக்கி மேடையின் அந்தக் கோடியில், சுகந்திக்குப் பக்கத்தில் போட்டேன். கென்னடி பதறிவிட்டான். "என்னண்ணே, எம்மேல எதும் கோவமா?" என்றான். காற்று வரவில்லையடா என்றேன். காதில் மாட்டியிருப்பது தெரியாமலிருக்க, காதுவரை வளர்ந்த என் முடியை நான் வெட்டவில்லை.

சிவப்பு பெடலையும் கொண்டு போயிருந்தேன். வாங்கியதை ஊரே அறியும், வெறுங்காலோடு போனால் கேள்வி வரும். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காலடியில் வைத்து, கரண்ட் மட்டும் கொடுத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கிட்டார் வயரை அதில் மாட்டாமல் நேரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன்.

சவுண்ட் செக். ரங்கமணி என் பின்னால் வந்து, வயரை உருவத் தயாராகக் குனிந்து நின்றார். பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டு முகப்பை வாசித்தேன்.

அவர் நிமிர்ந்தார். "இன்னொருவாட்டி வாசி" என்றார். வாசித்தேன். சமையல்கட்டுப் பக்கமிருந்து வாளியோடு போன ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

"பாத்தியா!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தார் ரங்கமணி. "அன்னைக்கு ஏதோ செட்டிங் தப்பா வச்சிருந்திருக்க. பெடல்னா பெடல்தான்யா! ஒரு வருஷம் முன்னாடியே வாங்கியிருந்தா இவ்வளவு பேச்சு வந்திருக்குமா?"

"ஆமாண்ணே" என்றேன். "முன்னாடியே போயிருக்கணும்."

சுகந்தி குனிந்து, பெடலில் எந்த வயரும் இல்லாததைப் பார்த்தாள். நிமிர்ந்து என் காதைப் பார்த்தாள். "பெடல் சூப்பர்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தாள். கச்சேரி முழுக்க ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு மூன்று தடவை நான் அதை மிதித்தேன். மிதித்தபோதெல்லாம் முன்வரிசையில் ஒரு பையன் கை தட்டினான்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது குணாளன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வேறொரு குழுவின் கிட்டார், என் வயதுதான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டு விருந்தாளி. அவரும் டிரம்ஸ் பக்கத்து நாற்காலியை விடாதவர், எனக்குத் தெரியும்.

"பிரமாதம் செலஸ்டின். எனக்கும் ஒரு வருஷமா சவுண்டு டல்லாவே இருக்கு, கம்பியெல்லாம் மாத்திப் பாத்துட்டேன். எந்தக் கடைல வாங்குனீங்க?"

நான் சொன்னேன்.

"எங்க?" என்று வலது காதைக் கொண்டுவந்தார்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"என்னது?"

அவர் கையிலிருந்த தாம்பூலப் பையை வாங்கி, அதன் மேலேயே தில்லை நகர் விலாசத்தை எழுதி, பர்வீன் என்று பெயரையும் போட்டுக் கொடுத்தேன். "அங்க சீல் கீல்னு ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு வாரம் வீட்டுக்கே குடுத்து அனுப்புவாங்க. போட்டுப் பாத்துட்டு வாங்கலாம்" என்றேன்.

குணாளனுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. தலையை மட்டும் நன்றாக ஆட்டினார். நானும் இத்தனை நாள் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.